உளவியலில் முனைவர் பட்டம்: விண்ணப்பிக்கும் முன்

பல்கலைக்கழக வாசலை மிதிக்காத பாத்திரக் கடைக்காரன் முனைவர் பட்டத்தைப் பற்றி எழுத வந்தது சங்க அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனேவுக்கு வந்து, பகலில் கடையும் இரவில் புத்தகமுமாக எனக்கு நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. என் தம்பி மகள் எம்.ஏ. உளவியல் முடித்துவிட்டு, "பெரியப்பா, மேலே படிக்கணும், அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று வந்து நின்றாள். அன்றுதான் இந்த விதிகளை எழுத்தெண்ணிப் படிக்கத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு இரண்டு வருஷம் போய்விட்டது.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வந்தால் பலகை மாட்டி நோயாளிகளைப் பார்க்கலாம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். உளவியல் பி.எச்டி. ஆராய்ச்சிப் பட்டம், அது சிகிச்சைக்கு உரிமம் ஆகாது. மருந்து எழுதித் தருபவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்தில்லாமல் சோதனையும் சிகிச்சையும் செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அதற்கு வெகுகாலமாக இருந்த வழி, குழுமம் ஏற்றுக்கொண்ட நிறுவனத்தில் இரண்டாண்டு எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, ஆனால் மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆகவே பிள்ளைக்கு எது வேண்டும், ஆராய்ச்சியா சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். சிகிச்சை என்றால் குழுமத்தின் புதிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு வேறு வரிசையில் நிற்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றால் மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள்தான் அடிப்படை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. நாலு வருஷ இளங்கலை முடித்தவர் 75 விழுக்காடு வாங்கியிருந்தால் நேரே வரலாம். குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு. பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு உண்டு. இதைத் தம்பியிடம் சொன்ன பிறகுதான் கல்யாணப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

ஊர்விட்டு வந்த நமக்கு ஒரு சங்கடம் உண்டு. சொந்த மாநிலத்தில் பட்டியலில் இருக்கும் சாதிக்கு, குடியேறிய மாநிலம் தன் ஒதுக்கீட்டைத் தரக் கடமைப்பட்டதல்ல. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திரப் பழங்குடி மாணவர் ஒருவரின் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.

அடுத்தது நெட் தேர்வு. 2024 முதல் அதன் மதிப்பெண்ணைக் கொண்டே பி.எச்டி.யில் சேரலாம். முதல் நிலையில் தேறினால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். மற்ற இரு நிலையில் தேறுவோருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. ஆனால் அந்த மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும். சமணர் முதலான சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நின்றுபோனது. பழைய புத்தகத்தைப் பார்த்து யாரும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

எங்கள் பெண்ணுக்கு 2024இல் மதிப்பெண் இருந்தது, இடம் இல்லை. காரணம் எனக்குச் சரக்குக் கணக்குப் போலத் தெளிவாகப் புரிந்தது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் நெறியாளராக இருக்கலாம். இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க முடியாது. அவள் விரும்பிய பிரிவில் இருந்த இருவரில் ஒருவருக்கு எண்ணிக்கை நிரம்பிவிட்டது, மற்றவர் ஓய்வை நெருங்கியவர். முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மதிப்பெண்ணும் காலாவதி ஆயிற்று.

அதற்கு முந்தைய வருஷம் நடந்தது இன்னும் பெரிய பாடம். 'மாணவர்களிடையே மன அழுத்தம்' என்று ஒரே முன்மொழிவை ஐந்து இடங்களுக்கு அனுப்பினாள். நேர்முகத்தில் ஓர் அம்மையார் கேட்டாராம்: எந்த மாணவர்? எதைக் கொண்டு அளப்பாய்? என்ன விடை வந்தால் உன் ஊகம் தப்பு என்று ஒப்புக்கொள்வாய்? மூன்றாவதற்கு இவளிடம் பதில் இல்லை.

கேள்வி கடையில்தான் கிடைத்தது. நான் தட்டுகளைத் தமிழில் எண்ணுவேன், பையன்கள் மராத்தியில் எண்ணுவார்கள், கணினிக்காரப் பிள்ளை ஆங்கிலத்தில். ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், குழந்தைகளின் நினைவாற்றலை எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்து அளக்கும் சோதனை பற்றிச் சொன்னாள். 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர், வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை ஆராய்ந்தார்கள். வேல்ஸ் எண்களை உச்சரிக்க நேரம் கூடுதலாகப் பிடிப்பதால் அம்மொழியில் நினைவில் நிற்பவை குறைகின்றன என்பது அவர்கள் கண்டது. நம் 'இரண்டு', 'மூன்று', 'நான்கு' இவற்றை ஆங்கில ஓரசை எண்களோடு வைத்துச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பது நியாயம்? மொழி மாறியதால் குறைந்த எண்ணைப் பார்த்து, பிள்ளைக்கு நினைவு மந்தம் என்று யாராவது எழுதிவிட்டால்? மூன்று மொழியிலும் ஒரே விடை வந்தால் தன் ஊகம் தப்பு என்று இம்முறை அவளே முன்மொழிவில் எழுதினாள். நெறியாளருக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட்டாள்.

2025இல் மறுபடி நெட் எழுதி இடம் கிடைத்தது. இப்போது பாடப் பகுதியை முடித்துக்கொண்டிருக்கிறாள். நெறிமுறைக் குழு அனுமதித்தபின் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஒப்புதல் படிவங்களோடு வருவாள். படிவத்தைத் தமிழிலும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.