மோட்டார் முகப்பு விளக்குக்கு மேலுறை

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலை ஏறி, பாலாறு கடந்து மேட்டூருக்கு இறங்கும் சாலை, இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. 1956 நவம்பரில் மைசூர் இராஜ்யத்துடன் சேரும் வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் மைசூர் ஜில்லாவிலும், 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவிலும் அடங்கிற்று. இருப்புப்பாதையில் ஊழியம் செய்யும் நாம் இதைச் சொல்ல நாணுகிறோம்: ஹனூருக்கு இரயில் இல்லை, சாமராஜநகர் சென்றுதான் ஏற வேண்டும். ஆகவே ஊர்ப் பிரயாணத்திற்குப் பலரும் மோட்டாரையே நம்பியிருக்கின்றனர். வேலை முடிந்து புறப்படுவதால் பெரும்பாலும் இரவுப் பிரயாணமாகவும் அமைந்துவிடுகின்றது.

மலைப்பாதையோ கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. சுற்றிலும் உள்ள காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வளைவுக்கு அப்பால் யானை நின்றாலும், பழுதடைந்த லாரி நின்றாலும், அதை நமக்குக் காட்டுவது முகப்பு விளக்கு ஒன்றே. அந்த விளக்கின்மேல் எதை ஒட்டுவது என்பதை அலங்கார விஷயமாக எண்ணலாகாது.

பழைய அம்பாஸடர் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் விளக்கின் முகம் கண்ணாடியால் ஆனது. கண்ணாடி மஞ்சளாவதில்லை, அத்தகைய வண்டி வைத்திருப்போர் வெயிலுக்கு அஞ்சி மேலுறை தேட வேண்டியதில்லை. இக்காலத்துக் கார்களில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கே பயன்படுகின்றது. அது இலேசானது, எளிதில் நொறுங்காது. ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளிக்கும், மணலும் சிறு கல்லும் பட்டுக் கீறும். தொழிற்சாலையில் பூசிய காப்புப் பூச்சு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பிறகு ஒளி முன்னே செல்லாமல் சிதறுகின்றது. நமக்குச் சாலை மங்குவதோடு எதிரே வருபவரின் கண்ணும் கூசுகின்றது. கண்கூசச் செய்யும் விளக்குகளின்மீது கர்நாடகப் போலீசார் 2024 ஜூலையில் தீவிர நடவடிக்கை தொடங்கியதையும் அன்பர்கள் அறிவர்.

இதற்குப் பரிகாரமாகவே ஒட்டும் பிலிம் விற்கப்படுகின்றது. வியட்நாம் யுத்தக் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலினின்றும் காக்க அமெரிக்கப் படையினர் கையாண்ட பொருளே இதற்கு மூதாதை. கடைகளில் முக்கியமாக இருவகை உண்டு. ஒன்று வினைல், விலை மலிவு, ஆயினும் வெயிலில் சுருங்கிச் சீக்கிரம் மஞ்சளிக்கும், உரிக்கும்போது பசையை விட்டுச் செல்லும். மற்றொன்று டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன், விலை கூடுதல், கனம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். சிறு கல் பட்டால் அடியைத் தான் தாங்கிக்கொள்ளும். நல்ல சரக்கில் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மறையும். ஒரு துண்டை இழுத்து விட்டுப் பாருங்கள்: வினைல் நீண்டபடியே கிடக்கும், டி.பி.யு. மெல்லத் தன்னிலைக்குத் திரும்பும். பத்திரிகைத் தாளின்மேல் வைத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை.

வர்ணம் பற்றி நாம் கண்டிப்பாகவே கூறுகிறோம். புகைக் கறுப்பு, நீலம் ஆகியவற்றை இளைஞர்கள் மிக விரும்புகின்றனர். வண்டிக்கு அது அழகாயிருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் அழகு அது. மஞ்சள் பிலிம் பனிமூட்டத்தை ஊடுருவும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியதாகையால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சளால் ஒளி குறைவதே மிச்சம். நிறமற்ற தெளிவான பிலிம் ஒன்றே மலைச் சாலைக்கு ஏற்றது. அதற்குப் பணம் போதவில்லையெனில், ஒன்றும் ஒட்டாதிருப்பது கறுப்பு ஒட்டுவதைவிட மேல்.

மஞ்சளித்துப்போன விளக்கின்மேல் பிலிம் ஒட்டினால் மஞ்சள் உள்ளேயே தங்கிவிடும். முதலில் நீர் உப்புத்தாளால் 1000, 2000, 3000 என்று படிப்படியாகத் தேய்த்து, மெருகேற்றி, அதன்பின் ஒட்ட வேண்டும். தேய்த்தபோது காப்புப் பூச்சும் போய்விடுமாதலால், அந்த விளக்குக்கு மேலுறை அவசியமாகின்றது. ஒட்டுவது நிழலில், தூசியில்லாத இடத்தில் நடக்கட்டும். சோப்பு நீர் தெளித்து, ரப்பர்த் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ள வேண்டும். ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் விளிம்பு எழும்பாது.

ஒட்டிய பின் சில நாள்கள் விசைக்குழாய் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் பையன் உலர்ந்த அழுக்குத் துணியோடு துடைக்க வந்தால், முதலில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.