மதிப்பாய்வாளர் அறிக்கையும் ஆய்வாளர் மறுமொழியும்: ஐன்ஸ்டைன் – ரோசன் கட்டுரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆய்விதழுக்கு அனுப்பப்பெற்ற கட்டுரை கடக்கும் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. மதிப்பாய்வாளர் அறிக்கை தீர்ப்பன்று, இதழாசிரியருக்கு வழங்கப்பெறும் பரிந்துரையே என்பதும், அதற்கான மறுமொழியும் ஆய்வின் ஒரு பகுதியே என்பதும் 1936ஆம் ஆண்டு நிகழ்வொன்றின்வழி எடுத்துரைக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆய்விதழ், வல்லுநர் மதிப்பாய்வு, இதழாசிரியர், திருத்தம், மறுமொழி.

முன்னுரை

1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் இலண்டனில் தொடங்கிய ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ இதழில் எதனை வெளியிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். வெளி வல்லுநரின் கருத்தைக் கேட்பது பொதுவிதியாக நெடுங்காலம் ஆயிற்று. ‘நேச்சர்’ இதழ் 1973இல்தான் அதனைக் கட்டாயமாக்கியது.

படிநிலைகள்

கட்டுரைப் பொருள் இதழின் எல்லைக்குள் அடங்குகிறதா என்பதை இதழாசிரியர் முதலில் நோக்குகிறார். பொருந்தாதவை அப்போதே திருப்பி அனுப்பப்பெறும். ஏனையவை பொதுவாக இரண்டு அல்லது மூன்று வல்லுநர்களிடம் செல்கின்றன. இசைவளிக்கும் வல்லுநரைக் கண்டறிவதிலேயே பல வாரங்கள் கழிவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் படிப்பவர்கள். அறிக்கைகள் வந்தபின் ஏற்பு, சிறுதிருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு ஆகியவற்றுள் ஒன்றை இதழாசிரியர் அறிவிப்பார். பெருந்திருத்தம் மறுப்பன்று, கட்டுரையை மீண்டும் காண இதழ் விரும்புகிறது என்பதே அதன் பொருள்.

1936ஆம் ஆண்டு நிகழ்வு

ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்னும் முடிவுடன் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினர். இதழாசிரியர் ஜான் டேட் அதனை வல்லுநர் ஒருவரிடம் அனுப்ப, பிழைகளைச் சுட்டும் நீண்ட அறிக்கை வந்தது. அச்சாகுமுன் கட்டுரையைப் பிறரிடம் காட்டியதைக் கண்டித்து ஐன்ஸ்டைன் அதனைத் திரும்பப் பெற்றார். அறிக்கையை எழுதியவர் ஹோவார்டு ராபர்ட்சன் என்பது பின்னாளில் இதழின் ஆவணங்களால் தெளிவாயிற்று. அவர் தம்மை வெளிப்படுத்தாமல், ஐன்ஸ்டைனின் உதவியாளர் லியோபோல்டு இன்ஃபெல்டிடம் அப்பிழையை விளக்கினார். 1937இல் வேறோர் இதழில் கட்டுரை வெளிவந்தபோது அதன் முடிவு மாறியிருந்தது. 2015இல் ஈர்ப்பலைகள் நேரடியாகப் பதிவாயின. முதல் வடிவமே அச்சேறியிருப்பின், தவறான முடிவொன்று பெரும்பெயரின் துணையோடு நிலைத்திருக்கக்கூடும்.

மறுமொழியின் இயல்பு

அறிக்கையின் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு, அதன்கீழ் விடையும் திருத்தம் செய்யப்பெற்ற பக்கமும் தருதல் முறை. மதிப்பாய்வாளரும் பிழைபடக்கூடும், அவ்விடத்துச் சான்றுகாட்டி மறுத்தல் ஆய்வாளரின் உரிமை. இரு மதிப்பாய்வாளர் முரண்படின், எதனை ஏற்றார், ஏன் ஏற்றார் என்பதை ஆய்வாளர் இதழாசிரியர்முன் வைக்கவேண்டும். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்ட தொடர் பிற வாசகரையும் மயங்கச் செய்யலாம். ஆதலின் மறுக்கும் இடத்தும் அத்தொடரைத் திருத்துதல் நன்று.

முடிவுரை

பட்டத்திற்கான கெடு நெருங்கும் நிலையில், அறிக்கையைப் புறந்தள்ளிக் கட்டுரையை அப்படியே வேறிதழுக்கு அனுப்பும் எண்ணம் இயல்பாக எழும். எனினும் இதழ் மாறுவதால் பிழை மாறுவதில்லை. அறிக்கையின் கடுமையை ஒதுக்கி அதன் கருத்தை எடைபோடும் ஆய்வாளருக்கே மதிப்பாய்வு பயன்தருகிறது.