கோடைக்கு எந்தப் படப் புத்தகம்?

ஏப்ரல் பிற்பகுதியில் பள்ளிகள் அடைபட்டதும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு சங்கடம் தலைதூக்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை எழுந்தது. அன்று முதல் இப்பகுதி ஷிப்டுகளின் கணக்கில்தான் விழிக்கிறது, உறங்குகிறது. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் படுத்திருக்கிறார். தாய் பிற்பகல் ஷிப்டுக்குப் புறப்பட ஆயத்தமாகிறார். ஒற்றை அறை வாடகை வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஓசையின்றி இருந்தாக வேண்டும். உடனே கைப்பேசியை அதன் கையில் கொடுத்து விடுகிறோம். குறை கூறும் நோக்கில் இதை எழுதவில்லை. "வேறு எதைக் கொடுப்பது?" என்று கேட்கும் பெற்றோரை மனத்திற்கொண்டே எழுதுகிறோம்.

படப் புத்தகம் கொடுக்கலாம். ஆனால் எதை?

பேருந்து நிலையக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் பெயர்ப் புத்தகங்களே. பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே ஆப்பிள், பந்து, பூனை என்று ஒரு சொல். இவ்வகை நூலுக்கு நெடிய வரலாறு உண்டு. கொமேனியுஸ் என்னும் கல்வியாளர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட நூல், உலகப் பொருள்களைப் படமும் பெயருமாக வரிசைப்படுத்திக் காட்டியது. அது மொழி கற்பிக்க எழுந்த நூல். பெயர்களை அறிந்துகொண்ட பின் குழந்தைக்கு அத்தகைய நூலில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

நல்ல படக்கதையோ வேறு விதம். எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். ஒரகடத்தருகே ஒரு வீட்டில் நாம் கண்டது இது: ஷிப்டு வண்டி வருமுன் முடித்துவிட வேண்டுமென்று தாய் விரைந்து வாசிக்கிறார். சிறுமி பக்கத்தின்மேல் கையை வைத்து நிறுத்துகிறாள். "அம்மா, இந்தப் பூனை ஏன் ஒளிஞ்சிருக்கு?" கதையில் பூனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓவியர் மூலையில் வரைந்து வைத்திருந்தார். எழுத்தறிந்த தாய் காணாததை எழுத்தறியாக் குழந்தை கண்டுவிட்டது!

ஆதலால் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்தை உள்ளங்கையால் மறைத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். என்ன நடக்கிறதென்று படங்களே உரைத்தால் அந்நூல் தேறும். பிறகு இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறினால் வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புகள் சிலவற்றின் தமிழ் மரக்கட்டை போன்றது. குழந்தை ஒரே கதையை இருபது முறை கேட்கும். இருபதாம் முறையும் நமக்குச் சலிக்காதிருக்க வேண்டுமன்றோ? கடைசிப் பக்கத்தில் நீதியைக் கட்டம் கட்டிப் போட்ட நூல்களை நாம் விரும்புவதில்லை. குழந்தைகளும் விரும்புவதில்லை.

சென்னையில் 1996-இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழியிலும் படக்கதைகள் வெளியிட்டு வருகிறது. 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் தமிழில் உண்டு. சென்னைத் தாரா பதிப்பகத்தின் கையச்சு நூல்கள் பேரழகு வாய்ந்தவை. எனினும் பக்கத்தைக் கடித்துப் பார்க்கும் வயதினர்க்கு அவை வேண்டாம். அவர்களுக்குக் கெட்டி அட்டை நூலே தகும்.

ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் மாதம் இரு புத்தகம் வாங்குவது எளிதன்று என்பதை அறிவோம். கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் பல மொழிப் படக்கதைகளைக் கட்டணமின்றி வாசிக்கத் தருகிறது. நாம் குறை சொன்ன அதே கைப்பேசியில்தான் வாசிக்க வேண்டும். ஆயினும் பெற்றோர் மடியில் அமர்த்திக்கொண்டு வாசித்தால் அது வேறு காரியம். தமிழில் உள்ள கதைகள் பல அங்கே ஒடியாவிலும் இந்தியிலும் கிடைக்கின்றன. அடுத்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருந்தால், ஒரே கதையை இரு வீட்டிலும் வாசிக்கலாம். சொல்லே இல்லாத படநூலாயின் இரு குழந்தைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடலாம்.

விவிலியப் படநூல் வாங்குவோர், முழு விவிலியத்தையும் சுருக்கிய தடித்த நூலைவிட ஒரு கதை மட்டும் கொண்டதைத் தேடுங்கள். காணாமற்போன ஆட்டின் கதை மூன்று வயதுக்கே புரியும். வெள்ளத்தில் மனிதர் மூழ்குவதையும் இரத்தத்தையும் பெரிதாக வரைந்த நூல்கள் சில ஆண்டு காத்திருக்கட்டும்.

நேரம்? இரவில் முடியாவிடில், காலை ஷிப்டிலிருந்து திரும்பித் தேநீர் அருந்தும் பத்து நிமிடம் போதும். வாங்கிய நூலைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். கிழிக்கும். ஒட்டிக் கொடுங்கள்.