கோட்டையைக் காத்த தங்கராஜ்

செஞ்சிக் கோட்டையைத் தெரியாதவர் உண்டோ? மூன்று மலைகள். அவற்றை வளைத்து நிற்கும் மதில்கள். 1690-ம் ஆண்டு மொகலாயர் படை இந்தக் கோட்டையை முற்றுகை இட்டது. 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. காவல் அத்தனை பலம்!

கால்பந்து ஆட்டத்திலும் ஒரு கோட்டை உண்டு. உயரம் 8 அடி. அகலம் 24 அடி. அதைக் காப்பவர் ஒரே ஒருவர்!

நம் ஊர்ப் பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பாருங்கள். கோல் போட எல்லோருக்கும் ஆசை. ஓடத் தெரியாத பையனை, "நீ கோலிலே நில்லடா!" என்று தள்ளிவிடுவார்கள். பந்து உள்ளே போனால் திட்டும் அவனுக்கே. அந்தப் பையனுக்காகத்தான் இந்தக் கதை.

பட்டாளத்தில் சேர்ந்தார்

பீட்டர் தங்கராஜ் 1935-ல் ஐதராபாத்தில் பிறந்தார். 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். நீலகிரியில், குன்னூருக்கு அருகே வெலிங்டன் இருக்கிறது. அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டு முகாமில் அவர் ஆடினார்.

முதலில் அவர் கோல் காப்பவர் அல்ல, கோல் போடுகிறவர்! முன் வரிசையில், நடுவில் நின்று ஆடியவர். பிறகுதான் கோலுக்கு வந்தார். ஆறு அடிக்கு மேல் உயரம். நீண்ட கைகள். தலைக்கு மேலே வரும் பந்தைத் தாவிப் பறித்துவிடுவார்.

1955-லும் 1958-லும் வெலிங்டன் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் தங்கராஜ் இருந்தார். அந்த அணி நான்காவது இடம் பெற்றது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அங்கே பலம் மிக்க ஹங்கேரியால் இந்தியாவை 2-1 என்ற கணக்கில்தான் வெல்ல முடிந்தது.

ஒரு லட்சம் பேர் நடுவே

1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. ஜகார்த்தா நகரம். ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த அதே அணி!

அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபம் ஆட்டக்காரர் மீது திரும்பியது. இந்தியர் பந்தைத் தொட்டாலே கூச்சல்.

பயிற்சியாளர் ரகீம் புற்றுநோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். ஜர்னைல் சிங்கின் தலையில் தையல். தங்கராஜோ காய்ச்சலில் படுத்து எழுந்தவர். ஆனாலும் ரகீம் அவரையே கோலில் நிறுத்தினார்.

பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னைல் சிங் இன்னொன்று போட்டார். இனிக் காக்க வேண்டியதுதான் பாக்கி! கொரியர் முட்டி மோதினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து உள்ளே போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் எல்லாம் பாழ்!

போகவில்லை. இந்தியா 2-1 என்று வென்றது. தங்கப் பதக்கம்! அடுத்த ஆண்டே ரகீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வென்றதே இல்லை.

கடைசி வரை பந்தோடு

கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய சங்கங்களுக்கும் தங்கராஜ் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பின் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். பொகாரோவில் 2008-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி காலமானார்.

கோல் போட்டவர் பெயரை ஊரே சொல்லும். காத்தவர் பெயரை யார் சொல்கிறார்கள்? இனி உங்கள் பையன், "என்னைக் கோலில் நிறுத்திவிட்டார்கள்" என்று அழுதுகொண்டு வந்தால், தங்கராஜ் கதையைச் சொல்லுங்கள். நாளைக்கு அவனே போய் நிற்பான்!