நான்கு ஆண்டுக்கு ஒரு பூஜ்ஜியம்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், 1980-களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறு கழுகின் கூடுகள் 353 இருந்தன. 1990-களின் முடிவில் 20. அடுத்த சில ஆண்டுகளில் அவையும் போயின. அங்கே ஆண்டுதோறும் கூடுகளை எண்ணிவந்த பறவையியலாளர் விபு பிரகாஷ்தான் நாட்டை முதலில் எச்சரித்தவர். அதற்குப் பத்தாண்டு முன்புவரை, உலகிலேயே அதிகம் காணப்படும் பெரிய ஊனுண்ணிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று நம்பப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் வண்டியில் போய்க் கழுகுகளை எண்ணிய அதே சாலைகளில், 2000 முதல் 2007 வரை பல முறை மீண்டும் எண்ணினார்கள். முன்பு ஆயிரம் இருந்தது என்றால் 2007-இல் ஒன்று. 2000-க்கும் 2007-க்கும் இடையே ஆண்டுக்குச் சராசரியாக 43.9 சதவீதச் சரிவு.

இந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரைபடத்தாளை எடுங்கள். 100 கழுகுகளில் தொடங்கினால் அடுத்த ஆண்டு 56. பிறகு 31, 18, 10, 6, 3, 2. முதல் ஆண்டில் சாகிறவை 44, ஏழாம் ஆண்டில் ஒன்றோ இரண்டோ. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு செங்குத்தாக விழுந்து, வலப்பக்கம் போகப்போகப் படுத்துவிடும். பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? பெரிய இழப்பு முடிந்தது, இருப்பவை நிலைத்துவிட்டன என்றுதான். எனக்கு இந்தப் படத்தில் அச்சமூட்டுவது அந்தத் தட்டையான வால்பகுதியே. அங்கேயும் நூற்றுக்கு 44 என்ற கணக்கில்தான் சாகின்றன. சாவதற்குப் பறவைகள் குறைந்துவிட்டதால் சாவும் குறைவாகத் தெரிகிறது.

இப்போது நிமிர்ந்த அச்சை மாற்றுவோம். 1, 10, 100, 1000 ஆகியவற்றைச் சம இடைவெளியில் குறியுங்கள். பதினோராம் வகுப்பில் படித்த மடக்கை அளவுகோல்தான் இது. அதே புள்ளிகள் இப்போது ஒரே நேர்கோட்டில் இறங்கும். கோட்டின் சாய்வுதான் சரிவு வேகம். அந்தச் சாய்வில் இருந்து இரண்டு செய்திகளைப் படிக்கலாம்: சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியாகிறது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பூஜ்ஜியம் உதிர்கிறது. பத்தாயிரம் கழுகுகள் எட்டே ஆண்டில் நூறாகிவிடும்.

சரிவு ஏன் இப்படித் தளராமல் தொடர வேண்டும்? பொதுவாக ஓர் உயிரினம் குறையும்போது, எஞ்சியவற்றுக்கு இரையும் இடமும் கூடுதலாகக் கிடைக்கும். சரிவின் வேகம் தணியும். கழுகுகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் அப்போது போட்டுவந்த டைக்ளோஃபெனாக் ஊசி அது. மருந்து போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் ஈரலிலும் இதயத்திலும் வெள்ளையாகப் படியும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவுக்குப் போதும் என்பது பின்னர் வந்த கணக்கு. ஒரே சடலத்தைக் கூட்டமாக மொய்த்துத் தின்னும் பறவை அல்லவா! எத்தனை மாட்டுக்கு ஊசி போடுவது என்பதோ கழுகுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை. ஆயிரம் கழுகு இருந்தாலும் பத்து இருந்தாலும் சடலங்களில் நஞ்சின் பங்கு அதேதான்.

கால்நடைகளுக்கு இந்த மருந்தை 2006-இல் இந்தியா தடை செய்தது. தடை பலித்ததா என்று 2011-இல் எண்ணிப் பார்த்தபோது சரிவு தணிந்திருந்தது. சாதாரண வரைபடத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தட்டுப்படாது, கோடு ஏற்கெனவே தரையோடு கிடக்கிறது. மடக்கைத் தாளில் மட்டுமே அது திரும்பும் இடம் தெரிகிறது. பாதுகாப்புக்கான பணத்தையும் சட்டத்தையும் முடிவுசெய்யும் மேசைகளுக்கு எந்தப் படம் போகிறது என்பது அதனால்தான் முக்கியம்.

கோட்டுக்கும் பறவைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தக் கோடு பூஜ்ஜியத்தை ஒருபோதும் தொடாது. பறவையில் அரை, கால் கிடையாது. சில பத்துகளாகக் குறைந்த கூட்டத்தை ஒரு நஞ்சூட்டிய சடலமே முடித்துவிடலாம். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறு கழுகுகளைத் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணுவது வெறும் சடங்கில்லை. ஒரே பறவையை இரண்டு மாநிலங்கள் எண்ணிவிட்டால் கோட்டின் சாய்வே மாறிவிடும்.

ஏறுவரிசைக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பாறு கழுகு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். முதல் முட்டைக்கே ஏறக்குறைய ஐந்து வயதாக வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் பெருகுவதாக வைத்துக்கொண்டாலும் இரட்டிப்பாக 14 ஆண்டு ஆகும். ஆயிரம் மடங்கு என்பது பத்து இரட்டிப்பு, அதாவது 140 ஆண்டு. இறங்க எடுத்துக்கொண்டதோ ஏறக்குறைய 15.

அத்தனை காலமும் சாய்வு மேல்நோக்கியே இருக்க வேண்டுமானால், டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியது மட்டும் போதாது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைக்குக் கூடாது என்று 2023-இல்தான் தடை வந்தது. ஒரு மருந்து சந்தைக்கு வந்து, கழுகுகள் செத்து, அதன் பிறகு தடை போடுகிற வரிசை தலைகீழானது. கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதித்த பிறகே கால்நடை மருந்துக்கு உரிமம் தர வேண்டும். மாடு வளர்ப்பவர்கள் வலி மருந்து தேவைப்படும்போது மெலாக்சிகாம் கேட்டு வாங்கலாம். கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதனையில் தேறிய மருந்து அது, கடையிலும் கிடைக்கிறது.