குன்றத்தூரில் ராஸ்பெர்ரி வளருமா?

நேராகவே சொல்லிவிடலாம். கடைகளில் விற்கும் சிவப்பு ராஸ்பெர்ரியை குன்றத்தூர் வீட்டுத் தோட்டத்தில் நட்டால் சில மாதம் இலை விடும். பழத்தை நம்பிப் பணம் போட வேண்டாம். காரணம் மண்ணோ உரமோ இல்லை, குளிர்தான்.

ராஸ்பெர்ரியின் வேர் பல வருடம் வாழும். மேலே வரும் தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். பெரும்பாலான ரகங்களில் முதல் வருடம் தண்டு வளர்ந்து இலை விடும். இரண்டாம் வருடம் காய்த்துவிட்டுக் காய்ந்துபோகும். காய்த்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டுவதுதான் அதன் முக்கியப் பராமரிப்பு. இந்த இரண்டு பருவத்துக்கும் நடுவில் செடி குளிரில் உறங்க வேண்டும். பொதுவாக 7 டிகிரிக்குக் குறைந்த குளிர் 800 மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால்தான் மொட்டு சரியாக விழிக்கும். நம் பக்கம் மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இதன் உறவுச்செடி ஒன்று நம் மலைகளிலேயே உண்டு: மைசூர் ராஸ்பெர்ரி. வளைந்த முள், கருநீலப் பழம். குளிர் அதிகம் கேட்காததால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். ஆனால் கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீரும் அதற்கு ஆகாது. ஆசைப்பட்டால் பிற்பகல் நிழல் விழும் இடத்தில், தண்ணீர் நன்றாக வடியும் தொட்டியில் சோதித்துப் பார்க்கலாம்.

கைகொடுக்கும் மல்பெரி

நிச்சயமாகப் பழம் வேண்டும் என்பவர்களுக்கு மல்பெரிதான் சரி. பட்டுப்புழுவுக்கு இலை போடுகிறோமே, அதே இனம். இதற்குக் குளிர் வேண்டாம். ராஸ்பெர்ரிக்குப் பனிக்காலம் செய்யும் வேலையை இதற்குக் கத்தரிக்கோல் செய்துவிடும். கிளையை வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டால், புதுத் துளிரோடு சேர்ந்தே பூவும் வரும். இலைக்காம்பின் கக்கத்தில் பச்சையாக, மயிர் சிலிர்த்த சின்னப் பிஞ்சு தெரியும். அது சிவந்து, கறுத்துப் பழுக்க வெட்டியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம்.

நாற்று வாங்காமலே வளர்க்கலாம். நன்றாகக் காய்க்கும் செடியிலிருந்து பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய குச்சியை வெட்டி, பாதி புதையும்படி நிழலில் ஊன்றுங்கள். ஆண் பூ மட்டுமே பூக்கும் செடிகளும் உண்டு. அதனால் பழத்தைக் கண்ணால் பார்த்த செடியில் வெட்டுவதே நல்லது. வேர் பிடிக்கும் முன்பே துளிர் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு இழுத்துப் பார்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஒரு மாதமாவது விட்டுவையுங்கள்.

மாடித்தோட்டத்துக்கு அடியில் ஓட்டை போட்ட பெரிய டிரம் வேண்டும். செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்பி, நல்ல வெயிலில் வையுங்கள். தரையில் நட்டால் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நட வேண்டும். விட்டால் மரமாகிவிடும், கைக்கு எட்டும் உயரத்திலேயே நிறுத்துங்கள்.

எப்போது வெட்டுவது?

மழை ஓய்ந்த தை மாதம் நல்ல சமயம்; வெட்டியதும் தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் பங்குனியில் பழம் பறிக்கலாம். வைகாசி வாக்கில் இன்னொரு முறை லேசாக வெட்டலாம். வடகிழக்குப் பருவமழையில் பழம் வரும்படி வெட்டாதீர்கள். தண்ணீர் கோத்துச் சப்பென்று ஆகி அழுகிவிடும்.

நுனி இலை சுருண்டு முறுக்கிக்கொண்டால் உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பழம் இருக்கும்போது தெளிக்க வேண்டாம். குயிலும் கொண்டைக்குருவியும் பழத்துக்குப் போட்டிக்கு வரும். வலை போட்டால் தப்பிக்கும்.

பழம் நன்றாகக் கறுத்து, தொட்டதும் கையோடு வர வேண்டும். சிவப்பிலேயே பறித்தால் புளிக்கும்.

நர்சரியில் ‘ராஸ்பெர்ரி’ என்று ஒரு செடியைக் காட்டினால் இலையைப் பாருங்கள். ராஸ்பெர்ரியில் ஒரு காம்பில் மூன்று அல்லது அதற்கு மேல் சிற்றிலைகள் இருக்கும், தண்டில் முள் இருக்கும். முள்ளில்லாமல் தனித்தனி இலையாக இருந்தால் அது மல்பெரியாக இருக்கலாம். விலை மல்பெரி விலையாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.