பிரசவ அறைக்குள் காமிரா எதற்கு?

மலைப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறோம் என்றாலே குழந்தைகள் முதலில் எடுத்து வைப்பது காமிராவைத்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. ஆனால் 2025 மார்ச் மாதம் வால்பாறையில் ஒரு பறவை எங்கள் குடும்பத்துக்கே நல்ல பாடம் நடத்தி அனுப்பியது. அதை வாசக சகோதரிகளும் தெரிந்து கொள்ளட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

வால்பாறை எஸ்டேட்டில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்து 20 நாள். பார்க்கப் போயிருந்தோம். எட்டாவது படிக்கும் என் மகன் ஆசையாகக் காமிராவை எடுத்ததுதான் தாமதம், மாமியார் சத்தம் போட்டார். "பச்சப் புள்ள மூஞ்சியில லைட் அடிக்காதடா! தாயும் புள்ளையும் தூங்கட்டும், வெளிய போ!" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை என்னவர், மகன், நான் மூவரும் எஸ்டேட் பாதையில் நடக்கக் கிளம்பினோம். துணைக்கு வந்தவர் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். யானை நடமாட்டம் இருக்கும் என்று வெயில் ஏறிய பிறகுதான் கிளம்ப விட்டார். வழியில் மலை அணில், கருமந்தி எல்லாம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தோம்.

சோலை ஓரமாக வந்தபோது, தலைக்கு மேல் பழைய ரயில் எஞ்சின் போல "புஸ்... புஸ்..." என்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் மூன்றடிக்குக் குறையாத பெரிய பறவை! மஞ்சள் அலகு, அதற்கு மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கொண்டை. "இருவாச்சிம்மா. எறக்கை சத்தம்தான் அது" என்றார் பெரியவர். தூரத்தில் ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "அங்க பொந்துல இதோட பொண்டாட்டி இருக்கு" என்று அவர் சொன்ன விவரம் கேட்டு அசந்து போனேன்.

பெண் இருவாச்சி மரப் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துக் கொள்ளுமாம். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் பாக்கி. உள்ளே 1 அல்லது 2 முட்டை. அடைகாக்கவே சுமார் 40 நாள். அந்தச் சமயத்தில் சிறகுகளையும் உதிர்த்து விடுவதால் அதனால் பறக்கவும் முடியாது. மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழம், ஆலம்பழம் எல்லாம் தொண்டையில் அடக்கி வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறல் வழியே ஊட்ட வேண்டும்.

என்னவருக்கு ஆசை தாங்கவில்லை. "கொஞ்சம் கிட்டப் போனாத்தான் படம் நல்லா விழும்" என்று பெரியவர் தடுத்தும் கேளாமல் மரத்தடிக்கே போய்விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஆண் பறவை எதிர் மரத்தில் உட்கார்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி எங்களையே பார்த்தது. 10 நிமிஷம், 20 நிமிஷம்... கூட்டுக்கு வரவே இல்லை.

"சார், நாம இங்க நிக்கிற வரைக்கும் அது வராது. உள்ள பசியோட காத்துக்கிட்டு இருக்கு" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள் மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. நம் வீட்டுப் பிரசவ அறை என்றால் காமிராவை வெளியே விரட்டுகிறோம். இதுவும் ஒரு பிரசவ அறைதானே? "வாங்க போயிடலாம்" என்று என்னவர் கையைப் பிடித்தேன். அவரும் பேசாமல் வந்துவிட்டார்.

வெகு தூரம் பின்வாங்கி, ஒரு மரத்தின் மறைவில் சத்தம் போடாமல் உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் ஆண் பறவை கூட்டுக்கு வந்தது. பைனாகுலரில் பார்த்தேன். கீறல் வழியே ஓர் அலகு நுனி நீண்டு பழங்களை வாங்கிக் கொண்டது. என்னையறியாமல் கண் கலங்கி விட்டது. அங்கிருந்தே மகன் எடுத்த படத்தில் பறவை ஒரு கறுப்புப் புள்ளி போலத்தான் தெரிகிறது. ஆனாலும் எங்கள் ஆல்பத்தில் அதற்குத்தான் முதல் இடம்.

திரும்பும் வழியில் பெரியவரிடம் கேட்டுக் கொண்டவை இவை. பறவைப் படம் வேண்டுமென்றால் கூட்டைத் தேடாதீர்கள். பழுத்த ஆலமரமோ அத்தி மரமோ இருந்தால் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள், அதுவாகவே வரும். பளபளக்கும் உடை வேண்டாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பது, கல் எறிந்து பறக்க விடுவது, குரங்குக்குத் தின்பண்டம் காட்டிக் கிட்டே வரவழைப்பது எல்லாம் பாவம். நம்மைப் பார்த்து மிருகமோ பறவையோ தின்பதை நிறுத்தினால், வந்தது போதும், பின்னால் போ என்று அர்த்தம். இதோடு நான் சேர்த்துக் கொண்டது ஒன்று: கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அடுத்த வாரமே அங்கே கூட்டம் கூடிவிடும்.

கேரளத்தில் வாழச்சால் காட்டில் காடர் இன மக்களே இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், நாலு அடி தள்ளி நிற்க முடியும் அல்லவா? லீவுக்குக் காடு, மலை என்று கிளம்பும் தாய்மார்கள், டிபன் கட்டும்போதே இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். நம் வீட்டுப் பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கிற அமைதியை அந்தத் தாய்க்கும் கொடுப்போமே!

- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை